ஏவுகணை படித்த தாளாளர்

அன்று நான் அழுதேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சுத்தப் பொய். நான் அழவில்லை. குக்கர் மூடியைக் கொஞ்சம் பலமாக வைத்தேன், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கே பக்கத்து வீட்டு அக்கா மதிற்சுவர் மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாயிரங்களின் நடுவில், தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரி திறந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நாங்கள் பீர்க்கன்கரணையில் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்தோம். நான் கீழ்க்கட்டளையைத் தாண்டி ஒரு சின்னக் கல்லூரியில் மின்னணுவியல் விரிவுரையாளர். தாம்பரம் வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து மேடவாக்கம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். காலையில் கஞ்சி போட்டுக் கட்டிய காட்டன் புடவை கல்லூரி வாசலில் இறங்கும்போது கசங்கிய துணிப்பையாக இருக்கும். வகுப்பெடுப்பேன், விடைத்தாள் திருத்துவேன், வருகைப் பதிவு போடுவேன். ஆராய்ச்சி என்ற சொல்லை எங்கள் கல்லூரியில் ஆண்டு விழாப் பேச்சில் மட்டும்தான் கேட்கலாம்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்புத் துறை சார்ந்த ஓர் அலுவலகம் எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பியிருந்தது. விமானத்தை நோக்கி ஏவுகணை ஒன்று வருகிறது என்றால், அதன் சூட்டை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்து விமானியை எச்சரிக்க வேண்டும். அப்படிப்பட்ட உணரிகளைப் பற்றி ஆய்வு முன்மொழிவுகள் வரவேற்கப்படுகின்றன, கல்லூரி ஆசிரியர்களும் அனுப்பலாம் என்றிருந்தது. எங்கள் ஓய்வறையில் அதன் மேல் யாரோ வடை வைத்திருந்தார்கள். எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட்டு அங்கேயே நின்று மூன்று பக்கத்தையும் படித்தேன். எம்.ஈ. படிக்கும்போது நான் ஆசை ஆசையாகச் செய்த வேலை இதுதான். கல்யாணம், வீடு மாற்றம், வேலை என்று எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டாகிவிட்டது. உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு.

என் யோசனை எளிமையானது. வெயில் பட்டு மின்னுகிற தகரமும் எரிகிற நெருப்பும் ஒற்றைக் கண் உணரிக்கு ஒன்றுபோலவே தெரிந்து ஏமாற்றும். வேறு வேறு வெப்ப அலைகளில் பார்க்கிற இரண்டு கண்களை வைத்து, ஒன்றில் தெரிவதற்கும் மற்றதில் தெரிவதற்கும் என்ன விகிதம் என்று பார்த்தால், பளபளப்பு எது, உண்மையான சூடு எது என்று பிரித்துவிடலாம். உலகத்தில் இதை முதலில் யோசித்தவள் நான் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதைச் சின்ன மின்சுற்றாக, விலை குறைவாக, வேகமாகச் செய்து காட்டிய விதம் என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கருவியை நானே கட்டி, சோதனையை எங்கள் மொட்டை மாடியில் செய்தேன். பக்கத்துத் தெருவில் இஸ்திரி போடுபவரிடம் கரிப் பெட்டியை இரவல் வாங்கி, தணலோடு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நடு வெயிலில், அவர் அதை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மாடியின் ஒரு மூலையிலிருந்து என்னை நோக்கி ஏவுகணையாக நடந்து வருவார். இடையில் எவர்சில்வர் தாம்பாளத்தை வெயிலில் ஆட்டிக் கருவியை ஏமாற்றப் பார்ப்போம். கருவி ஏமாறவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் கீழேயிருந்து, "இன்னாம்மா, சாரு எதுனா வேண்டுதலா? தீச்சட்டி மாரி எத்துக்கினு நடக்குறாரு?" என்று கேட்டார். "ஆமாங்க்கா, இவ கிட்டருந்து தப்பிக்க" என்றார் இவர்.

இரண்டு மாதம் உட்கார்ந்து முன்மொழிவை எழுதி முடித்தேன். கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு, எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். முகப்புப் பக்கத்தை நிரப்பி, கையெழுத்துகள் வாங்கி அனுப்புவது அவர் வேலை. அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. யார் மனதும் கோணக்கூடாது என்று நினைத்து நினைத்தே வாழ்ந்தவர். ஸ்பீட் போஸ்ட்டில் போன பிறகு அலுவலகப் பிரதி ஒன்று என் மேசைக்கு வந்தது. முகப்பைப் பார்த்தேன்.

முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் கல்லூரித் தாளாளரின் பெயர். இணை ஆய்வாளர்கள்: முதல்வர், துறைத் தலைவர் மற்றும் துறை ஆசிரியர்கள். நான் அந்த ‘மற்றும்’.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே துறைத் தலைவர் அறைக்குப் போனேன்.

"சார், இது என்ன சார்?"

"எதுக்கு மேடம் டென்ஷன்? சிம்போசியம் இன்விடேஷன்ல சீஃப் பேட்ரன்னு கரஸ்பாண்டென்ட் சார் பேரை மேல போடறதில்லையா? அந்த மாதிரிதான் இதுவும். பெரியவங்க பேர் மேல இருந்தாதான் ஃபைல் நகரும்."

"இன்விடேஷன்ல பேர் போட்டா மாலை போடுவாங்க சார். இதுல பேர் போட்டா கேள்வி கேப்பாங்க."

"அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம்" என்று எனக்கொரு பெப்பர்மின்ட் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். தண்ணீர்த் தொட்டி திறந்தாலும், ரத்த தான முகாம் நடந்தாலும் முதல் வரி தாளாளருடையது. அந்தப் பழக்கத்தில் ஏவுகணையையும் சேர்த்துவிட்டார் துறைத் தலைவர். தாளாளரின் தகுதிக் குறிப்பில் ‘தொழில்துறை அனுபவம்: முப்பத்தைந்து ஆண்டுகள்’ என்று வேறு போட்டிருந்தார். எந்தத் தொழில் என்று போடவில்லை. தோல் வியாபாரம்.

அன்று மாலைதான் குக்கர் மூடி விவகாரம். யார் பெயரிலோ ஒரு காகிதம் போய்விட்டது, விடு என்றார் என் வீட்டுக்காரர். எப்படி விடுவது? வாழ்க்கையில் நானாக யோசித்து நானாகச் செய்த ஒன்றே ஒன்று அதுதான். அது என்னுடையது என்று ஒரு வரி எங்கேயாவது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசை என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. முன்மொழிவு முதல் கட்டத்தில் தேறிவிட்டது. இரண்டு மாதம் கழித்துக் கிண்டிப் பக்கம் நிபுணர் குழு கூடும். முதன்மை ஆய்வாளர் மட்டும், தனியாக, நேரில் வந்து விளக்க வேண்டும். துறைத் தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பெயரை மாற்றலாமா என்று போன் போட்டு விசாரித்தார். இந்தக் கட்டத்தில் முடியாது, அவர் வரட்டும், இல்லாவிட்டால் தள்ளுபடி என்றார்களாம்.

இருவரும் தாளாளர் அறைக்குப் போனோம். அவர் பம்மலில் பிறந்து வளர்ந்தவர். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தோல் மண்டியில் சேர்ந்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கி, கடைசியில் கல்லூரி கட்டியவர். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, பெரிய குரல். கடிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார்.

"இன்னா சார் இது? மிஸைலா? நானா?" என்று மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். துறைத் தலைவரும் கூடவே சிரித்தார். அவர் நிறுத்தியதும் இவரும் நிறுத்தினார்.

"உங்களுக்கு மரியாதையா இருக்கட்டுமேன்னுதான் சார்..."

"மரியாதயா? நாலு பேர் முன்னாடி என்ன திருதிருன்னு முழிக்க வுடறதுக்குப் பேரு மரியாதயா?"

"உடம்பு சரியில்லன்னு எழுதி வாபஸ் வாங்கிடலாம் சார்" என்றார் துறைத் தலைவர் அவசரமாக.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "வாபஸ் வாங்காதீங்க சார். அதுல இருக்கறது அத்தனையும் நான் செஞ்சது. உங்களுக்கு அது நூத்துல ஒரு கையெழுத்து. எனக்கு அது மட்டும்தான் இருக்கு."

துறைத் தலைவர் இருமினார். தாளாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

"இது ஆளக் கொல்றதுக்கா, காப்பாத்துறதுக்காம்மா?" என்று கேட்டார்.

"காப்பாத்தறதுக்கு சார். பைலட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சா தப்பிச்சுக்கலாம்."

"அப்ப சர்தான். எனக்கு சொல்லிக் குடுங்க டீச்சர். ரெண்டு மாசம் டைம் கீதுல்ல?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக என் ஆய்வகத்துக்கு வந்து, மாணவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் பாடம். முதல் வாரம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்தப் பக்கமும் எனக்கு அல்வாதான். நான் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால் குழுவின் முன்னால் அவர் உளறுவார், என் வேலை குப்பைக்குப் போகும். நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் பிரமாதமாகப் பேசிவிடுவார், என் வேலை அவருடையதாகிவிடும். நம் கையாலேயே நம் பெயரை அழிப்பதற்கு இப்படி விழுந்து விழுந்து பாடம் எடுக்கிறோமே என்று பஸ்ஸில் நின்றுகொண்டு என்னையே திட்டிக்கொள்வேன்.

ஆனால் அந்த மனிதர் படித்த அழகு இருக்கிறதே! வாத்தியார் என்றால் அப்படி ஒரு மாணவன் கிடைக்க வேண்டும். புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்ட மாட்டார். "நிறுத்துங்க டீச்சர், எனக்கு ஏறல" என்பார். கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்ப மாட்டார். அலை என்றால் எங்கே காட்டு என்பார். டிவி ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு எதிரே பிடித்து, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் மினுக்குவதைக் காட்டினேன். "அட ஆண்டவனே!" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவில் போன வந்த எல்லோருக்கும் காட்டினார். வாட்ச்மேன் அண்ணா, ஆபீஸ் அக்கா என்று ஒருவரையும் விடவில்லை.

பிழைகளும் உண்டு. சூடு என்றால் வெளிச்சம், வெளிச்சம் என்றால் சூடு என்று ரொம்ப நாள் குழப்பிக்கொண்டார். ஒருநாள் கருவியின் முன்னால் தன் உள்ளங்கையை நீட்டி, "இப்ப நான்தான் மிஸைலு, சொல்லச் சொல்லுங்க" என்றார். உடம்புச் சூடு அதற்குப் போதாது சார் என்றேன். "இவ்ளோ கோவக்காரன் கைகூட போதாதா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். இரண்டு கண்களின் விகிதம் மட்டும் அவருக்குப் பிடிபடாமல் அடம்பிடித்தது. தூரம் கூடினால் இரண்டும் குறையுமே, அப்புறம் எப்படி விகிதம் மாறாது என்று ஒருநாள் முழுக்கக் கேட்டார். நான் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சாக்பீஸை வைத்துவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் சார் என்றேன். அடுத்த நாள் கதவைத் திறக்கும்போதே, "டீச்சர், ரெண்டும் ஒண்ணா கொறயுது, அதான் மாற மாட்டேங்குது! இன்னா நான் சொல்றது?" என்று கத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன? நாலு வருடம் வகுப்பெடுத்ததில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மதியம் இரண்டு மணி எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சு. "ஏவுகணைக்கு ஏத்த மாணவன் கெடச்சாச்சு, என்னை இஸ்திரிப் பெட்டியோட ரிலீவ் பண்ணிடு" என்றார் இவர். ஆனாலும் ராத்திரி படுக்கும்போது அந்த முகப்புப் பக்கம் ஞாபகத்துக்கு வரும்.

அந்த நாளும் வந்தது. தாளாளரின் பழைய அம்பாசிடரில் மூன்று பேரும் போனோம். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் துறைத் தலைவர், பின்னால் நானும் தாளாளரும். பல்லாவரத்தில் சிக்கி, மீனம்பாக்கத்தில் ஊர்ந்து, தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் அவர் ஜன்னலில் குனிந்து, "டீச்சர், இது எஞ்சின் சூடு, றெக்கைல மின்னுறது வெயிலு, சரியா?" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். அவருடைய ஆங்கிலம் இத்தாலிக்காரர்களுக்குத் தோல் விற்றுக் கற்ற ஆங்கிலம். அதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலை இல்லை. எனக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கிண்டியில் சிப்பந்தி வந்து தாளாளரை மட்டும் உள்ளே அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது. நானும் துறைத் தலைவரும் வராந்தா பெஞ்சில். என் சுற்று, என் வரைபடம், என் மொட்டை மாடி எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்; நான் வெளியே கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். துறைத் தலைவர் பெப்பர்மின்ட் நீட்டினார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "தப்புப் பண்ணிட்டேன் மேடம். உங்க பேரைப் போட்டிருக்கணும்" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. பெப்பர்மின்ட்டை வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பிறகு திடீரென்று எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். போச்சு, கேலி செய்கிறார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எனக்காக இல்லை, அவருக்காக. ஸ்டூலில் உட்கார்ந்து படித்த மனிதரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார்களே என்று எழுந்தே விட்டேன்.

கதவு திறந்தது. சிப்பந்தி என்னைப் பார்த்து, "டீச்சர்ங்கறது நீங்களா? உள்ள கூப்பிடறாங்க" என்றார்.

நீள மேசை, அதன் அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர். தாளாளர் நாற்காலியை விட்டு எழுந்து எனக்குக் காட்டினார். "உக்காருங்க டீச்சர்." உட்கார்ந்தேன். அவர் என் பின்னால் நின்றுகொண்டார்.

குழுத் தலைவர் வயதான விஞ்ஞானி. நம் ஊர்க்காரர்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தமிழில் சொன்னார்: "உங்க கரஸ்பாண்டென்ட் எங்களை ஒருவழி பண்ணிட்டார்மா. கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவா பதில் சொன்னார். எல்லாம் முடிஞ்சு சும்மா ஒரு மரியாதைக்கு, இந்த ஃபீல்டுல உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்னு கேட்டேன். ரெண்டு மாசம்னார்."

மேசையில் மறுபடி சிரிப்பு. இப்போது எனக்குப் புரிந்தது, அது கேலி இல்லை.

"அப்போ இந்த முப்பத்தஞ்சு வருஷம்னு கேட்டேன். அது தோல் சார்னார். யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டேன். செஞ்சது, சொல்லிக் குடுத்தது எல்லாம் எங்க டீச்சரு, வெளிய பெஞ்சுல உக்காந்துகினு இருக்காங்கன்னார்."

அவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். என்ன கேள்விகள்! மேகம் குறுக்கே வந்தால்? ஒரே நேரத்தில் இரண்டு வந்தால்? சுற்று சூடேறினால்? அடுக்கிக்கொண்டே போனார்கள். எழுந்து பலகையில் எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். இஸ்திரிப் பெட்டியைக்கூடச் சொன்னேன். எத்தனை வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த கேள்விகள் அவை. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் பேசியதே இல்லை. இடையில் ஒரு தடவை பின்னாலிருந்து, "ரெண்டும் ஒண்ணா கொறயுது சார், அதான்" என்று ஒரு குரல் உதவிக்கு வந்தது.

கடைசியில் குழுத் தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள். "இதை நாங்க எடுத்துக்கறோம்" என்றார். "ஆனா முதல் பக்கம் இப்படி இருக்கக் கூடாது. ரூல்ஸை நான் பேசிக்கறேன்." பேனாவை எடுத்து முகப்புப் பக்கத்தில் முதன்மை ஆய்வாளர் என்ற வரியில் இருந்ததை ஒரே கோட்டில் அடித்தார். தலையைத் தூக்கித் தாளாளரைப் பார்த்து, "உங்க டீச்சர் பேரைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார்.

தாளாளர் வாயைத் திறந்தார். மூடினார். அந்தப் பெரிய மனிதர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. குனிந்து என் காதருகில், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"டீச்சர், கோச்சிக்காதீங்க. உங்க பேரு இன்னாம்மா?"

நான் எழுந்து நின்றேன். இனிஷியலோடு சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.